மீசையின் பெயரில் இருந்த உரிமம்

மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அன்று கூட்டத்துக்குத் தாமதமாகப் போனவள் தலையிலேயே அந்த வேலை விழுந்தது. குழுவின் பதினெட்டுக் கணினிகளிலும் புது பிளக்-இன் ஒன்றை நிறுவ வேண்டும். எழுதி வைத்த நிரலைப் படித்து, எங்கே தப்பு இருக்கிறது என்று சுட்டிக்காட்டுகிற சின்ன மென்பொருள் அது. ஆய்வகங்கள் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை அச்சிடும் மென்பொருளைத்தான் அவர்கள் நிறுவனம் செய்துகொடுத்தது.

நிறுவுவது ஐந்து நிமிட வேலை. உரிமம்தான் உயிரை வாங்கியது. சாவி எண்ணைப் போட்டால், "பதிவான மின்னஞ்சலுக்குக் குறியீடு அனுப்பியுள்ளோம், பத்து நிமிடம் செல்லும்" என்றது திரை. அந்த மின்னஞ்சல் யாருடையது என்று பார்த்தவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மீசையுடையது.

மீசை அவர்களுடைய பழைய குழுத் தலைவர். முகத்தில் ஒரு முடிகூட வளர்க்காதவர் என்பதால் அந்தப் பெயர். முன்பு ஒருமுறை இந்த பிளக்-இன்னைச் சோதித்துப் பார்க்கத் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருக்கிறார். இரண்டு வருடம் முன்னால் ஓர் ஆய்வகத்தில் இரண்டு பேரின் முடிவுகள் மாறி அச்சாகிவிட்டன. நல்லவேளை, ஒரு நர்ஸ் கவனித்துவிட்டாள். காரணம் கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. யாராவது பொறுப்பேற்க வேண்டுமே என்று மீசையிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசியதே இல்லை.

வேறு வழியில்லாமல் போன் செய்தாள். அவர் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"அண்ணா, ஒரு குறியீடு வந்திருக்கும். கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

"ரெண்டு வருஷம் கழிச்சு இதுக்குத்தான் கூப்பிட்டியா?" சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "எழுதிக்க. ஏழு, நாலு, பி..."

"பியா, டியா?"

"பி. பஸ்ஸுக்கு வர்ற பி. பொண்ணு நல்லாயிருக்காளா?"

"காய்ச்சல்ண்ணா. இப்போ பரவாயில்ல."

திரை பச்சையானது; மற்றக் கணினிகளுக்கு இனிச் சாவி எண் மட்டும் போதும் என்றது. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

பிளக்-இன் வேலை செய்கிறதா என்று பார்க்க, பழைய நிரல் முழுவதையும் அதன் வாயில் போட்டாள். நாலாயிரத்துச் சொச்சம் எச்சரிக்கைகள் வந்தன. பெரும்பாலும் சில்லறை விஷயம். சிவப்பில் ஒன்றே ஒன்று. இருவர் ஒரே நொடியில் அச்சிட்டால் ஒருவர் பெயர் இன்னொருவர் முடிவில் ஏறிவிடலாம் என்று சொல்லி, வரி எண்ணையும் கொடுத்திருந்தது.

அந்த வரியை எழுதியது யார் என்று நிரலின் மாற்ற வரலாற்றைத் திறந்தாள். அவள் பெயர்தான் இருந்தது.

பசிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடினாள். திரையில் இருந்த இந்தச் சாளரத்தை மூடிவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகு படிக்கட்டுப் பக்கம் போய் மறுபடி அவரை அழைத்தாள்.

"அண்ணா, அன்னைக்கு ரிப்போர்ட் மாறினது என்னாலதான். என்னோட வரி. இப்போதான் தெரிஞ்சுது."

அவர் எங்கோ ஒரு கதவைச் சாத்தினார்; பிள்ளைகளின் இரைச்சல் அடங்கியது.

"படி, கேக்கறேன்."

படித்தாள்.

"இதை நானும் பாத்துத்தானே சரின்னு போட்டேன்," என்றார். "எத்தனை நாள் தூக்கமில்லாம மனசுக்குள்ளயே அந்த நிரலைப் புரட்டியிருப்பேன் தெரியுமா? இந்த வரி மட்டும் கண்ணுல படவேயில்ல." மூச்சு விட்டார். "எனக்குக் கோபம் வரணும்மா. இப்போ வரல. வந்தா நானே கூப்பிடறேன். நீயா கூப்பிடாத."

"சரிண்ணா."

மேலாளரின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முடிஞ்சுபோனதை எதுக்கும்மா கிளறுற? சத்தமில்லாம சரிபண்ணிட்டுப் போயேன்."

"அவருக்கு இன்னும் முடிஞ்சுபோகல சார். அவர் ஃபைல்ல இன்னும் அவர் தப்புன்னுதான் இருக்கு. எல்லா ஆய்வகத்துக்கும் சொல்லியாகணும். நீங்க எழுதலைன்னா நான் எழுதறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளிடம் சண்டை போடும் முகம் இல்லை. தூங்காத முகம்தான் இருந்தது. அதனாலேயோ என்னவோ, அவர் வாதாடவில்லை.

"எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போடறேன்."

தவறைத் திருத்தப் பதினோரு நிமிடம் ஆனது. கடிதம் எழுத ஒன்றரை மணி நேரம். "என் தவறு" என்ற சொற்களை மேலாளர் இரண்டு முறை அடித்து நீக்கினார். இரண்டு முறையும் அவள் திரும்ப எழுதினாள். நகல் ஒன்று மீசைக்குப் போனது. பதில் வரவில்லை.

சாயங்காலம் கணவன் போன் செய்தான், குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று. "சீக்கிரம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்து மேசைக் கணினியின் முன் உட்கார்ந்து சாவி எண்ணைத் தட்டத் தொடங்கினாள். இன்னும் பதினேழு இருந்தன.