குழாய்த் தோட்டத்துப் பெட்டிசங்கள்

எங்கள் குடிநீர்ச் சபைக்குப் புதிய தலைமையகம் வேண்டும் என்று முடிவானது, தலைவருடைய கழிவறையில் தண்ணீர் நின்றுபோன அன்றைக்குத்தான். நகரத்துக்கே தண்ணீர் கொடுக்கிற சபை வாடகைக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் பவுசரில், அதாவது தாங்கி லொறியில், வருகிறது. இதை நாங்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அன்றைக்கென்று பார்த்து வெளிநாட்டுத் தூதுக்குழு ஒன்று வந்திருந்தது. அதில் ஒருவர் கைகழுவப் போய், இரண்டு கையிலும் சவர்க்கார நுரையோடு திரும்பி வந்தார். தலைவர் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தன் கையாலேயே அவருக்கு ஊற்றிவிட்டார். அடுத்த நாளே சுற்றறிக்கை வந்தது. நகரத்தின் நடுவில், சபைக்குச் சொந்தமான காணியில், பதினெட்டு மாடித் தலைமையகம்.

இடம் தெரிவுசெய்ய ஒரு குழு போட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுத என்னைப் போட்டார்கள். மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதுவேன் என்ற ஒரே குற்றத்துக்காக, இருபத்திரண்டு வருடமாக எந்தக் குழு போட்டாலும் இந்தக் கொன்ஸ்ரன்ரைனைத்தான் பிடித்துப் போடுகிறார்கள்.

குழுவுக்குத் தலைமை பொன்னம்பலம் சேர், பிரதிப் பொது முகாமையாளர், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் சபைக்கு ஒரு காணி இருந்தது. அதுதான் பொருத்தமான இடம் என்று முதல் கூட்டத்திலேயே நாற்பது நிமிஷம் பேசினார். அவருடைய ஃபிளாட் அந்தக் காணிக்குப் பக்கத்து ஒழுங்கையில். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு குட்டித்தூக்கம் போட்டுவிட்டு வரலாம் என்பதை மட்டும் அந்த நாற்பது நிமிஷத்தில் அவர் சொல்லவில்லை. சட்டப் பகுதிப் பணிப்பாளர் ஹுசைன் சேர் புறக்கோட்டையில் இருந்த பழைய பண்டகசாலைக் காணிக்காக நின்றார். அவர் தினமும் ரயிலில் வருகிறவர். அவருக்கு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் கந்தோர் வேண்டும். இரண்டு பேரும் பொதுமக்களின் நன்மை என்ற சொல்லைப் பதினொரு தடவை சொன்னார்கள். குறிப்பு எழுதியவன் நான், எண்ணியே எழுதினேன்.

மூன்றாவது இடம் கொட்டாஞ்சேனை. எங்கள் கந்தோரில் எதை வாங்கினாலும், எதைத் தெரிவுசெய்தாலும், மூன்று பெயர் இருக்க வேண்டும். இரண்டுக்குப் போட்டி நடக்கும், மூன்றாவது ஃபைலை நிரப்ப. கல்யாண வீட்டில் இலையில் வைக்கிற உப்பு மாதிரி, இருக்க வேண்டும், யாரும் தொடமாட்டார்கள். எனக்குத் தெரிந்து இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மூன்றாவது இடமும் வென்றதில்லை. அந்த நம்பிக்கையில்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்த மூன்றாவது இடத்தில்தான் என் வீடு இருக்கிறது.

கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி என்று நினைத்துவிடாதீர்கள். குழாய்த் தோட்டம் என்பது சபை ஒரு காலத்தில் குழாய்களை அடுக்கி வைத்திருந்த ஒரு வெறுங்காணியும், அதை ஒட்டி முதுகோடு முதுகாக நிற்கிற முப்பத்தொரு வீடுகளும். என் தகப்பனார் சபையில் வேலை செய்தபடியால் எங்களுக்கு அதில் ஒன்று. எல்லா வீட்டிலும் குழாய் இருக்கிறது, மீற்றர் இருக்கிறது, தண்ணீர் மட்டும் இல்லை. குழாயைத் திறந்தால் காற்று வரும். அந்தக் காற்றுக்கும் மீற்றர் ஓடும். கிழமைக்கு இரண்டு தடவை பிரதான வீதிக்கு பவுசர் வரும், வாளியோடு போய் வரிசையில் நிற்க வேண்டும். குடிநீர்ச் சபையில் வேலை செய்கிறவன் என்ற கௌரவத்தோடு நானும் நிற்பேன். தோட்டத்துப் பெண்கள் எனக்கு இடம் விட்டுத் தருவார்கள். அந்த மரியாதையைப் போல எரிச்சலூட்டும் வேறொன்றை நான் கண்டதில்லை.

குழு முதல் தடவை பார்வையிட வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை பத்து மணிக்கு இரண்டு வேன் வந்து நின்றன. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முப்பத்தொரு வீட்டுக் குழாயும் ஒன்றாக இருமின. பிறகு துரு, பிறகு சேறு, பிறகு கண்ணாடி போலத் தண்ணீர். பகுதிப் பொறியியலாளர் றமேஷ் தெருமுனையில் பெரிய வால்வைத் திறந்துவிட்டிருந்தான். அவன் மாதாமாதம் அனுப்புகிற அறிக்கையில் கொட்டாஞ்சேனைக்கு இருபத்திநாலு மணி நேரமும் தண்ணீர் போகிறது. மேலிடத்தார் நேரில் வரும்போது அறிக்கை பொய்யாகிவிடக் கூடாதல்லவா? வேன் திரும்பியதும் பூட்டிவிட்டான்.

அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் தோட்டம் திருவிழா கண்டது. பரல், வாளி, குடம், சட்டி, தேத்தண்ணீர்க் கேத்தில் வரைக்கும் நிரப்பினார்கள். எனக்கு எதிர்வீட்டு ருக்கியா ராத்தா இடியப்பம் அவித்துக் கொச்சிக்கடைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். புருஷன் போன பிறகு பதினைந்து வருடமாக அந்த அடுப்பில்தான் அவருடைய குடும்பம் ஓடுகிறது. தண்ணீர் இல்லாத நாளில் மா குழைக்க முடியாது, மா குழைக்காத நாளில் உலை இல்லை. அன்று சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அந்தப் பெரிய மனுசங்க திரும்ப எப்ப வருவாங்க?"

"இனி ஏன் வரப்போறாங்க ராத்தா? பாத்துட்டாங்க, போயிட்டாங்க."

"வர வெக்க ஏலாதா? நீங்கதானே அங்க எழுதுற ஆள்."

சிரித்துவிட்டு உள்ளே போனேன். படுத்தும் தூக்கம் வரவில்லை. குழு விதிகளில் எட்டாவது விதி இப்படிச் சொல்கிறது: பொதுமக்களிடமிருந்து எழுத்தில் முறைப்பாடு வந்தால், குழு அந்த இடத்துக்கு மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும். அந்த விதியை மூன்று மொழியிலும் எழுதினவனே நான்தான்.

அப்படித்தான் பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு, எழுதத் தொடங்கினேன். முதல் பெட்டிசம் ருக்கியா ராத்தாவின் பெயரில்: வெறுங்காணியில் ஒரு அரசமரம் இருக்கிறது, அதை வெட்டினால் பிரச்சினை வரும். குழு வந்தது, தண்ணீர் வந்தது. அது அரசமரம் இல்லை, பூவரசு என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் எடுத்தது. இரண்டாவது பெட்டிசத்தில் வெள்ளம். மூன்றாவதில் பாம்பு. நான்காவதில் கோயில் திருவிழாவில் சுற்றுப் பிரகார ஊர்வலம் போகிற பாதை. ஐந்தாவதில் மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய இரும்புக் குழாய்கள் புராதனச் சின்னமாக இருக்கலாம் என்று எழுதினேன். அதற்குக் குழு ஒரு நிபுணரையும் கூட்டிக்கொண்டு வந்து மூன்று மணி நேரம் நின்றது. அன்றைக்குத் தோட்டமே தலைக்கு முழுகியது. ஆறாவது பெட்டிசம் எதைப் பற்றி என்று எனக்கே மறந்துவிட்டது, ஆனால் தமிழ் நன்றாக அமைந்திருந்தது.

ஒவ்வொரு தடவையும் குறிப்பில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. பொன்னம்பலம் சேர் ஒரு வீட்டுக் குழாயைத் திறந்து பார்ப்பார். "நல்ல அமுக்கமாய்க் கிடக்கு. எழுதும் காணும்" என்பார். நான் எழுதுவேன்: நீர் அமுக்கம் மிக நன்று. ஏழு வருகை, ஏழு தடவை, என் கையெழுத்தில்.

வெள்ளவத்தைக் காணிக்குக் குழு ஒரு தடவையும் போகவில்லை. அதைத் தன் பல்கனியிலிருந்தே பார்க்கலாம் என்றார் பொன்னம்பலம் சேர். புறக்கோட்டைக்குப் போக வேண்டியதில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த இடம்தானே என்றார் ஹுசைன் சேர். இப்படி ஒன்பது மாதம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. இன்னும் ஒன்பது வருடம் இழுத்தாலும் நல்லதென்று இருந்தேன். என்னைப் போன்ற புத்திசாலி இந்தக் கொழும்பில் இல்லையென்று மனதுக்குள் ஒரு நினைப்பும் இருந்தது.

கணக்காய்வுப் பகுதி குறுக்கே வந்தது. கதைத்துக்கொண்டிருந்தது போதும், புள்ளி போட்டுத் தெரிவுசெய்யுங்கள் என்றார்கள். சவர்க்கார நுரையை மறக்காத தலைவர் நூறு புள்ளியில் நாற்பதைத் தண்ணீருக்கு ஒதுக்கினார். எழுத்தில் ஆதாரம் இருந்தால் மட்டும் புள்ளி. வெள்ளவத்தைக்கு ஆதாரம் இல்லை, பூச்சியம். புறக்கோட்டைக்கும் பூச்சியம். கொட்டாஞ்சேனைக்கு ஏழு தடவை நேரில் பரிசோதித்த ஆதாரம் இருந்தது, நாற்பதுக்கு நாற்பது. புள்ளிகளைக் கூட்டியவன் நான். மூன்று தடவை கூட்டினேன், மூன்று தடவையும் என் வீடுதான் வென்றது.

பொன்னம்பலம் சேருக்குக் கவலைதான், ஆனால் ஹுசைன் தோற்ற சந்தோஷம் அதை விடப் பெரிது. ஹுசைன் சேருக்கும் அப்படியே. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக இருவரும் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

அடுத்த கிழமை வரைபடம் வந்தது. வெறுங்காணியில் கட்டடம், முப்பத்தொரு வீடும் நிற்கிற இடத்தில் வாகனத் தரிப்பிடம். எங்களுக்கு நகரத்துக்கு வெளியே ஒரு மாடிக் குடியிருப்பில் பதினான்காம் தளம். அங்கிருந்து விடிவதற்குள் கொச்சிக்கடைக்கு இடியப்பம் கொண்டுவர ருக்கியா ராத்தாவுக்குச் சிறகு முளைக்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

பொன்னம்பலம் சேரிடம் போய் உண்மையைச் சொன்னேன், பாதி உண்மையை.

"சேர், அங்க தண்ணி வாறதில்ல. நீங்க போற நாளில மட்டும்தான் திறந்து விடுறாங்க."

"ஏழு தரம் எழுதினது ஆர்?"

"நான்தான்."

"அப்ப எந்தக் கொன்ஸ்ரன்ரைனை நான் நம்புறது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது தெரிந்தது. "ஆட்சேபனைக்குப் பதினாலு நாள் கிடக்கு. சனம் எழுதித் தரட்டும், நான் வந்து பாக்கிறன். குழாயில தண்ணி இல்லையெண்டு என்ரை கண்ணால கண்டனெண்டால், நானே இந்த ஃபைலைத் தூக்கி எறிஞ்சுபோட்டு வெள்ளவத்தையைப் போடுவன்."

ஏழாவது பெட்டிசம்தான் நான் எழுதியதில் முதல் உண்மையான பெட்டிசம். ஒரே ஒரு வரி: எங்கள் தோட்டத்தில் தண்ணீர் வருவதில்லை. முப்பத்தொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். பிறகு றமேஷிடம் போனேன். அன்றைக்கு மட்டும் வால்வைத் தொடாதே என்று கெஞ்சினேன்.

"அண்ணன், நான் அஞ்சு வருஷமா இருபத்திநாலு மணித்தியாலம் எண்டு ரிப்போட் அடிக்கிறன். காஞ்ச குழாய பெரியவர் பாத்தாரெண்டா என்ட கதை முடிஞ்சுது. உங்கட வீட்டப் பாக்கிறதா, என்ட வேலையப் பாக்கிறதா?"

திரும்பி வந்து சொன்னபோது தோட்டம் முழுக்க என்னைத் திட்டியது. ருக்கியா ராத்தா மட்டும் யோசித்தார்.

"மீற்றருக்குப் பக்கத்துல ஒரு தண்ணிப் பூட்டு ஈக்கிதானே தம்பி? அவன் தெருமுனைல தொறக்கட்டும். நாங்க எல்லாரும் எங்கட ஊட்டுப் பூட்ட இறுக்கிருவம். ஒரு சொட்டு வராது."

இதைவிட நல்ல யோசனை எங்கள் சபையின் எந்தக் குழுவிலும் நான் கேட்டதில்லை. வீடு வீடாகப் போய்ச் சத்தியம் வாங்கினோம்.

அன்றைக்குக் காலை எட்டாவது தடவையாக வேன்கள் வந்தன. கடைசியாகத் தண்ணீர் வந்து மூன்று கிழமை. பவுசரும் பழுதாகி, போன கிழமை வரவில்லை. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குழாய்கள் இருமவில்லை. ருக்கியா ராத்தா பெட்டிசத்தின் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பொன்னம்பலம் சேர் அவருடைய குழாயைத் திறந்தார். காற்று. பக்கத்து வீட்டில் திறந்தார். காற்று. நாலாவது வீட்டில் ஹுசைன் சேரே திறந்து பார்த்தார். றமேஷ் நெற்றியைத் துடைத்தபடி தெருமுனைக்கும் தோட்டத்துக்கும் நடையாய் நடந்தான்.

பொன்னம்பலம் சேருடைய முகத்தில் வெள்ளவத்தைக் கடற்காற்று வீசத் தொடங்கியது. "எழுதும் காணும். தண்ணி இல்லை."

நான் எழுதினேன். அந்த இரண்டு சொல்லை எழுத எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. வெறும் பிளாஸ்டிக் பரலின் அடியில் தண்ணீர் விழுகிற சத்தம். மேளம் மாதிரி. முப்பத்தொரு வீட்டில் ஒரு வீட்டிலிருந்து வந்தது, அது என் வீடு.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பின்பக்கம் என் மனைவி அன்ரனெற் உடுப்புக் குவியலுக்கு நடுவில் நின்றாள். பூட்டு திறந்து கிடந்தது.

"என்ன செய்ற நீ? சத்தியம் பண்ணினோமே!"

"மூண்டு கிழமையா புள்ளட யூனிபோம் தோய்க்கல்ல. மணக்குதெண்டு கிளாசில பின்னுக்கு வெச்சிருக்கிறாங்க." அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாசல் வரைக்கும் வந்த தண்ணிய நான் விடுறதா? நீங்க விடுவீங்களா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் கொடுமை. குழு என் பின்னாலேயே வந்து பரலை எட்டிப் பார்த்தது. அவர்களுக்குப் பின்னால் ருக்கியா ராத்தா. பரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டிசத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினார். அவருடைய பூட்டு திறபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒரு நிமிஷத்துக்குள் குழாய்த் தோட்டம் முழுக்கத் தண்ணீர் இரைந்தது.

பொன்னம்பலம் சேர் பெருமூச்சு விட்டார். "அதை வெட்டிப்போட்டு எழுதும். நீர் அமுக்கம்..."

"மிக நன்று" என்று நானே முடித்தேன். வெட்டினேன், எழுதினேன், கையெழுத்து வைத்துக் கொப்பியை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர்கள் வேனை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். வேன் திரும்பினால் றமேஷ் வால்வைப் பூட்டிவிடுவான். நான் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டாவது பரலை உருட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன்.