கூடத்தில் அசைந்த கால்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்கு உடையவர் வெங்கடப்பன், அவர் மனைவி சரோஜம்மாள், மகன் ராஜ்குமார், மகள் ரேவதியைத் தன் பையனுக்குக் கேட்டிருந்த குந்தாரப்பள்ளி திம்மராயன், வெங்கடப்பனின் லைன் வீட்டில் மூன்றாவது கதவில் குடியிருக்கும் அண்ணாதுரை, அண்ணாதுரையின் மகன் அஸ்வின். ரேவதி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளையும் சேர்த்து ஏழு பேர். வேறு ஒருவரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் சூளகிரியில் இருபது பேராவது தேறுவார்கள்.

வெங்கடப்பனும் திம்மராயனும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள் இருவரும் நின்றார்கள். அண்ணாதுரை வாசற்கதவை ஒட்டி மொசைக் தரையில் உட்கார்ந்திருந்தான். அங்கே உட்கார் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வருடம் இரண்டாயிரத்து ஏழு. அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சய தாம்பூலம். வெங்கடப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார், திம்மராயனும் ஒப்புக்கொண்டுவிட்டார், உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்த நிலையில்தான் திம்மராயனின் தங்கை மகன் பெங்களூரில் ஒரு பார் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அதில் ராஜ்குமாரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் டெக்னோ என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன என்று அவன் விசாரித்தான். விடிய விடிய ஆடுவதற்குப் போடும் பாட்டு என்று சொன்னார்களாம்.

வெங்கடப்பனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. அவருடைய குடும்பத்தில் மேளம் கேட்டிருக்கிறார்கள், அடித்ததில்லை. அடிக்கிறவர்கள் வாசலுக்கு வெளியே நின்று அடிப்பார்கள், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள். பாதி நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகும் இந்த ஒழுங்கு மட்டும் கை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

"சம்பந்தி, நான் சுத்தி வளைச்சுப் பேசறவன் இல்ல," என்றார் திம்மராயன். "நாலு பேரு ஆடறதுக்கு உங்க பையன் அடிக்கிறான்னு என் காதுக்கு வந்துடுச்சு. அடிக்கிற வீட்ல நாங்க பொண்ணு எடுக்கறதில்ல."

"அடிக்கலைங்க மாமா," என்றான் ராஜ்குமார். "கம்ப்யூட்டர்ல பண்றது."

"கம்ப்யூட்டரு அடிச்சா என்னா, கையி அடிச்சா என்னா? ஆடறாங்களா இல்லியா, அதச் சொல்லு."

"இது ஆடறதுக்கு இல்லீங்க. இதுக்குப் பேரு இண்டஸ்ட்ரியல். மெஷின் சத்தத்த எடுத்து அடுக்கிப் பண்றது. நின்னு கேப்பாங்க, அவ்ளோதான். ஆடறதுன்னா அது டெக்னோ. அது வேற. காகிதத்துல தப்பா போட்டுட்டாங்க."

முந்தின நாளே அவன் அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தான். வெங்கடப்பனும் நம்பினார். நம்பியதால்தான், சாட்சிக்கு இருக்கட்டும் என்று, மகனோடு சேர்ந்து இந்தப் பாட்டைச் செய்கிற அஸ்வினையும் அவன் அப்பனையும் வரச் சொல்லியிருந்தார். ராஜ்குமார் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியில்தான் அண்ணாதுரை பவர் பிரஸ் ஓட்டினான். தகடு வெட்டும் அந்த மெஷினின் சத்தத்தைத்தான் பையன்கள் பிடித்து வந்து பாட்டாக்கியிருந்தார்கள்.

"நீ சொல்லுப்பா," என்றார் வெங்கடப்பன் அஸ்வினிடம்.

அஸ்வினுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. அது நல்ல குணம்தான், ஆனால் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் அதை அளந்து காட்ட வேண்டும். "மொத ரெண்டு நிமிசம் இண்டஸ்ட்ரியல்ங்க. அப்புறம் டெக்னோ ஆயிடும்."

"எந்த இடத்துல ஆவுது?" என்று கேட்டார் வெங்கடப்பன்.

"அதாங்க தெரியல. அதே சத்தம்தான். நாலு அடி சமமா விழ ஆரம்பிச்சா நான் டெக்னோம்பேன், இவன் இல்லேம்பான். ரெண்டு வருசமா இதே சண்டை. ஃபாரின்லயே இதுக்கு அடிச்சுக்கிறாங்க."

ராஜ்குமார் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். திம்மராயன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

வெங்கடப்பன் சிரிக்கவில்லை. தொழிற்பேட்டைக்காரர்கள் வந்து அளவுக்கல் நட்ட அன்று வெயிலில் நின்று ஒவ்வொரு கல்லையும் பார்த்தவர் அவர். கல்லுக்கு இந்தப் பக்கம் தன்னுடையது, அந்தப் பக்கம் அவர்களுடையது. நடுவில் ஒரு சாண்கூட இரண்டுமாகக் கிடக்க அவர் விட்டதில்லை. இரண்டு வருடமாக எல்லை தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்யும் பிள்ளையைப் பெற்றிருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"அண்ணா, காபி ஆறுது," என்றாள் சரோஜம்மாள்.

"ஆறட்டும்மா," என்றார் திம்மராயன். "பாட்டப் போடச் சொல்லு. வாயி எத வேணா சொல்லும், நான் காலப் பாத்துக்கறேன். யாரு காலாவது ஆடுச்சுன்னா அது ஆட்டம். ஆடலன்னா வெள்ளிக்கிழமை தட்டோட வர்றேன்."

வெங்கடப்பன் ஒப்புக்கொண்டார். ஏழு பேரும் வெறுங்காலோடுதான் இருந்தார்கள். அறையிலிருந்து கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்பீக்கரும் கூடத்துக்கு வந்தன.

முதலில் ஒரு சக்கரம் சுற்றும் முனகல். பிறகு ஓர் அடி. காற்று சீறியது. வெகுநேரம் கழித்து இன்னோர் அடி, உடனே இரண்டு, மறுபடி ஒன்றுமில்லை. பாத்திரக்கடை அலமாரி ஒன்று அவசரமில்லாமல் சரிவதுபோல் இருந்தது. சரோஜம்மாள் முந்தானையால் காதை மூடிக்கொண்டாள். ஒரு காலும் அசையவில்லை. வெங்கடப்பனுக்கு நெஞ்சு லேசானது. இதற்கு எவன் ஆடுவான்?

பிறகு அதே அடிகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வந்ததுபோல் நெருங்கின. எப்போது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கவனித்துக்கொண்டே இருந்தும் தெரியவில்லை. அவை சமமாக விழுந்துகொண்டிருந்தன. தம், தம், தம், தம். தரை வழியாக அது உள்ளங்காலுக்கு வந்தது. தன் வலதுகாலின் கட்டைவிரல் எழப் பார்ப்பதை உணர்ந்த வெங்கடப்பன் இடதுகாலைத் தூக்கி அதன்மேல் வைத்து அழுத்தினார். அறுபத்திரண்டு வயதில் தன் உடம்பில் ஒரு விரலுக்குக் காவல் போட வேண்டியிருந்தது.

அப்போதுதான் கதவோரம் அண்ணாதுரையின் வலதுகால் மிதித்தது. குதிகால் தரையில் இருக்க, முன்பாதம் எழுந்து விழுந்தது. கூடவே இடதுகை முன்னால் போய்ச் சட்டென்று பின்வாங்கியது. அந்தக் கையில் இரண்டு விரல்கள் கிடையாது. அவன் பார்வை எங்கோ இருந்தது.

"நிறுத்து," என்றார் திம்மராயன். பாட்டு நின்றது. கால் மட்டும் இன்னொரு முறை மிதித்துவிட்டு நின்றது. "ஆடிடுச்சு. பாத்தீங்க இல்ல?"

அண்ணாதுரை தூங்கி எழுந்தவன்போல் எல்லோரையும் பார்த்தான். பிறகு விஷயம் புரிந்தது. "அய்யா, நான் ஆடலையே. மிதிச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்யா."

"இல்லய்யா, சொல்லுதேன் கேளுங்க. ஆடுதவன் சத்தத்துலதான் கால வைப்பான். நான் சத்தத்துக்கு முன்ன வச்சேன். பெடல மிதிச்சாத்தானே பிரஸ் எறங்கும், சத்தம் பொறவுதானே வரும்? பத்தொம்பது வருசமா மிதிச்ச காலுய்யா, அதுவா போயிட்டு. வேணும்னா இன்னொருக்கா போட்டுப் பாருங்க."

அவன் சொன்னது உண்மை. வெங்கடப்பன் அதைக் கண்ணால் பார்த்திருந்தார். ஒவ்வொரு முறையும் கால் விழுந்து ஒரு கண்ணிமைப்புக்குப் பிறகுதான் அடி விழுந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் குடியிருப்பவன் பேச்சை எடுத்துச் சம்பந்தியின் பேச்சைத் தள்ளினார் என்று ஆகிவிடும். திம்மராயன் அதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"உக்காருங்க சம்பந்தி," என்றார் வெங்கடப்பன். குரல் உயரவில்லை. "ஆடினது யாரு காலு? எங்க வீட்டுக் காலா? மெஷினு அப்பனுது, பாட்டு புள்ளையுது. என் பையன் ரூம் குடுத்தான், கரண்ட் குடுத்தான். கூட சுத்துன பாவத்துக்கு பேரையும் இவன் பேரா போட்டுட்டானுங்க. ராஜ்குமாரு, சொல்லு. பாட்டு யாருது?"

ராஜ்குமார் சமையலறைக் கதவைப் பார்த்தான். கதவிடுக்கில் ரேவதியின் புடவை தெரிந்தது.

"அஸ்வினோடதுங்க மாமா."

அஸ்வின் அவனை ஒரு நொடி பார்த்தான். "அப்ப பேரு நானே வச்சுக்கலாம் இல்லடா?" என்றான். "டெக்னோதாங்க. சண்டை முடிஞ்சுது."

திம்மராயன் உட்கார்ந்தார். ஆனால் முகம் தெளியவில்லை. ஆடின கால் தங்கள் வீட்டுக் கால் இல்லை என்பது அவருக்கு இன்னும் அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று வெங்கடப்பனுக்குப் பட்டது. அரைகுறையாக எதையும் விடுகிறவர் அல்ல அவர்.

"அண்ணாதுரை, எந்திரி. நின்னு ஆடு. மொதல்லேருந்து போடுவாங்க."

"அய்யா, எனக்கு ஆடத் தெரியாதுய்யா."

"மூணாவது கதவுல எத்தினி வருசமா இருக்கற?"

"பதினோரு வருசம்யா."

"ஆடு."

அஸ்வின் ஓர் அடி முன்னால் வந்தான். அண்ணாதுரை கையைக் காட்டி அவனை நிறுத்தினான். "நீ சும்மா இருலே," என்றான் மெதுவாக. பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றான்.

ராஜ்குமார் பாட்டைப் போட்டான். ஆடத் தெரியாதவன் தெரிந்ததைச் செய்தான். இல்லாத தகட்டை எடுத்தான், இல்லாத மேடையில் வைத்தான், கையை இழுத்தான், மிதித்தான். எடுத்தான், வைத்தான், இழுத்தான், மிதித்தான். ஐம்பது வயது மனிதன், வியர்த்த கழுத்தோடு, தன் மகனுக்கு எதிரில். திம்மராயன் முதலில் புன்னகைத்தார், பிறகு தாளம் தட்டுவதற்குப் பதிலாகத் தலையை ஆட்டி "அப்படித்தான், அப்படித்தான்" என்றார்.

நான்காம் நிமிடத்தில் ஓரிடத்தில் அடி இரண்டாக விழுந்தது. பெடலை மிதிக்காமலே மெஷின் தானாக இன்னொரு முறை இறங்கும் சத்தம் அது. பழைய பிரஸ்ஸில் எப்போதாவது அப்படி ஆகும். அண்ணாதுரையின் விரல்கள் போனது அப்படி ஒரு அடியில்தான். ராஜ்குமார் அதேபோல் இன்னோர் அடியைக் கம்பெனியில் தற்செயலாகப் பிடித்து, கேட்க நன்றாக இருக்கிறது என்று பாட்டில் வைத்திருந்தான்.

அண்ணாதுரை கையைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டான். அடிவயிற்றிலிருந்து வந்த அலறல். சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்தது. ராஜ்குமாரின் கை சுவிட்சுக்குப் போனது.

"ஓடட்டும்," என்றார் வெங்கடப்பன்.

ஓடியது. முடிகிறவரை அண்ணாதுரை மிதித்தான். வலதுகையால் இடதுகையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலால் மட்டும்.

பாட்டு நின்றதும் திம்மராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சிரித்திருந்தார். "சரி சம்பந்தி. வெள்ளிக்கிழமை காலைல ஏழரைக்குள்ள வந்துடறோம்," என்றார். சரோஜம்மாள் புதுக் காபி கலந்து கொண்டுவந்தாள். மூன்று டம்ளர். அப்பனும் மகனும் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தட்டு மாற்றுவது குறித்த நேரத்தில் நடந்தது. தை மாதம் காவேரிப்பட்டினத்தில் மண்டபம் எடுத்து ரேவதிக்குக் கல்யாணம் செய்தார்கள். வந்தவர்களில் ஒருவரும் பந்தியில் குறை சொல்லவில்லை. அவள் குந்தாரப்பள்ளியில் நன்றாக இருக்கிறாள். வெங்கடப்பன் செய்த காரியத்தால் கெட்டது என்று அந்த வீட்டில் எதையும் யாரும் காட்ட முடியாது.

அந்த வாரமே அண்ணாதுரையை வெங்கடப்பன் வீட்டைக் காலி செய்யவைத்துத் துரத்திவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அண்ணாதுரை எங்கேயும் போகவில்லை, அதே வீட்டில்தான் இருக்கிறான். வீட்டைவிட்டுப் போனது ராஜ்குமார். அவனை யாரும் போகச் சொல்லவில்லை.