இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைச் செல்லியம்மாளின் உடல்மேல் போர்த்திவிட்டு அவள் அண்ணன் வீரன் நிமிர்ந்தபோது, கையில் இன்னொரு புதுப் புடவையோடு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றான்.

பறை நின்றது. நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை.

செல்லியின் புருஷன் ராஜவேலு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் ஜீப் வந்ததிலிருந்து அதே இடம்தான். மூளைக் காய்ச்சல் என்று சொல்லி டாக்டர் பொட்டலம் கட்டுவதுபோல எல்லாவற்றையும் முடித்து அனுப்பியிருந்தார். அவன் அழவில்லை. வாத்தியாருக்குப் படித்த மனசு, இறுகிப் போச்சு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். யாரையோ பற்றிச் சொல்கிறார்கள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போதுதான் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

வந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை மலையேறிய வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கடைத்தாள் பிரிக்காத புடவையை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தான். இலைப்பச்சை.

மலையில் செத்துப்போன பெண்ணுக்குத் துணி போடுவது இரண்டே வீடுதான். பிறந்த வீடு, புகுந்த வீடு. மூன்றாவதாக ஒரு துணி வந்தால், மூன்றாவதாக ஒரு வீடு இருந்தது என்று அர்த்தம். கூட்டத்தில் ஒருவருக்கும் இதை விளக்கத் தேவையிருக்கவில்லை.

"யார்யா நீ?" என்றான் வீரன்.

"கண்ணமங்கலங்க. எம்பேரு துரைக்கண்ணு."

ராஜவேலு அந்தப் பெயரை ஏற்கனவே கேட்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமலே செல்லி கேட்டாள்: "துரைக்கண்ணு வந்துட்டாரா?" யார் என்று இவன் குனிந்து கேட்டான். அதற்கப்புறம் அவள் பேசியது எதுவும் பேச்சாக இல்லை. யாராவது டாக்டராக இருக்கும், ஆஸ்பத்திரி வாட்ச்மேனாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தான். இதோ, சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது அந்தப் பெயர்.

"நீ இன்னா மொற எங்க பொண்ணுக்கு?" என்று கேட்டார் பெரியப்பா கோபால்சாமி.

"மொறன்னு ஒண்ணும் இல்லீங்க. பாட்டு ரெக்கார்டிங் கட வச்சினுகீறேன்."

"பாட்டுக் கடக்காரன் இன்னாத்துக்குடா பொடவ எடுத்தான்?" வீரன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

சின்னம்மா மாதம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து, யாரிடமும் இல்லாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பச்சக் கலரு வேற. ஆசயா பொறுக்கி எடுத்துகீறான்."

"வுடு மச்சான்," என்றான் ராஜவேலு. எழுந்து போய்ப் புடவையை அந்த ஆளின் கையிலிருந்து வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "நீங்க இப்டி வாங்க."

வீட்டுக்குப் பின்னால் பலாமரம். அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். வீரன் பத்தடி தள்ளி நின்று கைலியை மடித்துக் கட்டினான்.

"செல்லிய எவ்ளோ நாளாத் தெரியும்?"

"நர்ஸம்மாவயா? ரெண்டு வருசமாங்க. மலை ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்க வர்றப்பல்லாம் கடைக்கு வரும்."

"மருந்து மத்தியானமே குடுத்துடுவாங்க. மூணு மணிக்கு ஒரு மலை பஸ்ஸு கீது."

"ஆமாங்க."

"கடைசி பஸ்ஸுலதான் வருவா."

"ஆமாங்க. அதுவரைக்கும் எங்க கடையிலதான் குந்தினு இருக்கும்."

ஒளிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. ராஜவேலு அவன் கண்ணையே பார்த்தான். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்த பையன்கள் இப்படித்தான் நேராகப் பார்ப்பார்கள். கைவிரல்களைப் பார்த்தான். நகம் சுத்தமாக வெட்டியிருந்தது. பச்சைப் புடவை. செல்லிக்குப் பச்சை பிடிக்குமா? யோசித்தான். தெரியவில்லை. தனக்குத் தெரியாதது இவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தான்.

"கடையில அவளுக்கு இன்னா வேல?"

"பாட்டு கேக்கும்."

"இன்னா பாட்டு?"

"ஒரே பாட்டுதாங்க."

"ரெண்டு வருசமா?"

"ஆமாங்க."

"ஒரே பாட்ட?"

துரைக்கண்ணு தலையாட்டினான். எப்படிச் சொன்னாலும் நம்பும்படி இருக்காது என்பது அவனுக்கும் அப்போதுதான் உறைத்த மாதிரி இருந்தது. வீரன் ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

"அடேய் தொரக்கண்ணு! முட்டிவலிக்காரிய நடுவழியில வுட்டுட்டு நீ பாட்டுக்கு ஓடியாந்துட்டியா?"

வீட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெருத்த பெண்பிள்ளை மூச்சிரைக்க வந்தாள். பின்னால் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், துண்டில் சுற்றிய பெட்டி ஒன்றைக் குழந்தையைப்போல இடுப்பில் வைத்திருந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். ராஜவேலுவின் கக்கத்தில் புடவை, வீரனின் மடித்துக் கட்டிய கைலி, துரைக்கண்ணுவின் பித்தான் அறுந்த சட்டை. தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, எம்மேல தப்பு சாமி. மலைக்காரங்க மால போட மாட்டாங்க, துணிதான் போடுவாங்கன்னு நான்தான் சொன்னேன். யாரு போடறதுன்னு எனக்கு இன்னா தெரியும்? இந்த மடையனும் கேக்கல. துணிக் கடைக்குள்ள போனான், மேல இருந்தத எடுத்துனு வந்தான்."

அவள் குப்பம்மாள். ரெக்கார்டிங் கடையை ஒட்டி டீக்கடை. காக்கிச் சட்டைக்காரர் தங்கவேல், அமிர்தியில் பாரஸ்ட் கார்டு. மூன்று பேருக்கும் ஒன்றுக்குள் ஒன்று உறவில்லை. ராஜவேலு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டான்.

பாட்டுக்காரன் வெள்ளைக்காரன். டெல் ஹார்மன் என்று பெயர். கிடாரைத் தூக்கிக்கொண்டு குதித்துப் பாடுகிறவன். காலேஜ் பையன்கள் வந்தால் அவன் இசைத்தட்டில் முதல் பக்கத்து முதல் பாட்டைத்தான் கேட்பார்கள். இரண்டாம் பக்கத்தில் கடைசியாக ஒரு பாட்டு. சத்தமே இல்லாத பாட்டு. கேசட்டில் பதிந்து கொடுக்கும்போது டேப் பற்றாவிட்டால் துரைக்கண்ணு அதைத்தான் முதலில் விடுவான். ஒருத்தரும் கேட்டதில்லை. ஒரு நாள் செல்லி வந்தாள்.

"நர்ஸு ஆஸ்டல்ல கேட்டுச்சாம். 'அந்தப் பாட்ட ஏன் வுட்டீங்க'ன்னு சண்டைக்கு வந்துச்சு," என்றான் துரைக்கண்ணு. "போட்டுக் காமிச்சேன். 'பேசாத, கேளு'ன்னுச்சு. எங்கடையில குந்திக்கினு என்னையே பேசாதன்னுச்சுங்க."

"நான் பஸ்ஸுக்கு நின்னுனு இருந்தேன்," என்றார் தங்கவேல். "காதுல வுழுந்துச்சு. ரெண்டு பஸ்ஸ வுட்டேன்."

"நடுவுல கொட்டு நின்னுபூடும் தம்பி," என்றாள் குப்பம்மாள். "அவன் ஒரு மூச்சு இழுப்பான் பாரு. அங்க எனக்கு நெஞ்சுல என்னமோ பண்ணும். எங்கம்மா மாட்டத் தேடிக்கினு போவும்போது அப்டித்தான் மூச்சு இழுக்கும். அவன் மாடுதான் தேடறான்."

"மாடு இல்லக்கா," என்றார் தங்கவேல். "எத்தினி வாட்டி சொல்றது. அவன் யார்கிட்டயோ மன்னிப்பு கேக்கறான்."

"நீ கண்டே!"

"அந்த மூச்சு ரெக்கார்டு பண்றவன் பண்ணுன தப்புங்க," என்றான் துரைக்கண்ணு. "எடுத்துட்டு இருக்கலாம். எடுக்கல. நர்ஸம்மா சொல்லும், அத எடுத்திருந்தா இந்தப் பாட்ட நான் கேக்கவே மாட்டேன்னு."

இழவு வீட்டின் பின்புறம் நின்று மூன்று பேரும் இதற்குச் சண்டை போட்டார்கள். ராஜவேலு பார்த்துக்கொண்டே நின்றான். சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு வந்த சண்டை மாதிரி இல்லை. ஆனாலும் விடவில்லை.

"அவ கடையில இருக்கும்போது நீங்களும் எப்பவும் கூட இருப்பீங்களா?"

"அடுப்ப யாரு பாக்கறது?" என்றாள் குப்பம்மாள். "கொஞ்ச நேரம் கேப்பேன். போயி டீ ஆத்துவேன். வருவேன்."

"நீங்க?"

"டூட்டி இல்லாத நாளுதாங்க," என்றார் தங்கவேல்.

அப்படியானால் இடையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்த நேரமும் உண்டு. அந்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராஜவேலு நின்றான்.

"என்னப் பத்தி இன்னா சொல்லுவா?"

குப்பம்மாள்தான், முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னாள்: "வூட்டுக்காரரு பி.ஏ. படிச்சவரு, இங்கிலீஷு நல்லா வரும்னு சொல்லும். அப்ப அர்த்தம் கேட்டுக்கினு வாம்மா, எங்க சண்ட தீரும்னேன். கேக்க மாட்டேன்னுச்சு."

"ஏன்?"

"சிரிச்சுது."

முன்புறத்திலிருந்து கோபால்சாமி குரல் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் குழிக்குப் போக வேண்டும். பாடை தூக்குகிறவர்கள் தோளில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"அந்தப் பெட்டி எதுக்கு?" என்று கேட்டான் ராஜவேலு.

துரைக்கண்ணு தரையைப் பார்த்தான். "ஒப்பாரி சொல்ல நாங்க ஒறவு இல்லீங்க. மாலயும் போடக்கூடாதுன்னுட்டாங்க. வேற இன்னா பண்றதுன்னு தெரியல. நீங்க வேணான்னா இப்டியே போய்டறோம்."

ராஜவேலு அவனை முன்னால் நடக்கவிட்டான். முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான்.

"எழவு வூட்டுல சினிமாப் பாட்டா?" என்று வீரன் கத்தினான்.

"சினிமா இல்ல. இங்கிலீஷு," என்றான் ராஜவேலு. வாத்தியாரே சொல்லிவிட்டார் என்பதால் ஒருவரும் எதிர்க்கவில்லை. தங்கவேல் துண்டை விரித்து, பாடையின் தலைமாட்டில் டேப் ரெக்கார்டரை வைத்தார். துரைக்கண்ணு பித்தானை அமுக்கினான்.

முதலில் வெறும் கரகரப்பு. பிறகு ஒரு கிடார், அதற்கு அடியில் யாரோ விரலால் மேசையைத் தட்டுவதுபோல ஒரு கொட்டு. பாட்டுக்காரன் குதிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோலப் பாடினான்.

"இவன் இன்னாடி, இவ்ளோ மெதுவா அழறான்?" என்றாள் மாதம்மாள்.

"தொண்ட கட்டினுகீது போல," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

ராஜவேலு பாட்டைக் கேட்கவில்லை. துரைக்கண்ணுவைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லியின் முகத்தைப் பார்க்கிறானா? பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தான். கொட்டு நின்றது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் தாடையை லேசாகத் தூக்கினார்கள். பாட்டுக்காரன் மூச்சு இழுத்தான். மூன்று பேரும் தலையை இறக்கினார்கள். கிடந்தவளும் அந்த இடத்தில் இப்படித்தான் தாடையைத் தூக்கியிருப்பாள். இவன் அதைப் பார்த்ததில்லை.

அதற்கப்புறம்தான் சொற்கள் காதில் விழுந்தன. காலேஜில் படித்த இங்கிலீஷ்தான். கஷ்டமான சொல் ஒன்றுகூட இல்லை. பக்கத்து அறையில் அவள் இருக்கிறாள். பாத்திரம் நகர்த்துகிறாள். எழுந்து அவளிடம் போகலாம். இன்றைக்கும் நான் போகவில்லை. அவ்வளவுதான் பாட்டு. அதையே மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சன்னமாகச் சொல்லிவிட்டு முடித்துக்கொண்டான். இதற்குத்தான் செல்லி தன்னிடம் அர்த்தம் கேட்க மாட்டேன் என்று சிரித்திருக்கிறாள்.

முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. துரைக்கண்ணு நிறுத்தும் பித்தானை அமுக்கினான்.

"சார்," என்றார் தங்கவேல் தயங்கித் தயங்கி. "நீங்க கேட்டீங்களே. அவன் இன்னா சொல்றான்?"

குப்பம்மாள் தங்கவேலின் கையில் தட்டினாள். ஆனால் அவளும் ராஜவேலுவையே பார்த்தாள். துரைக்கண்ணு மட்டும் பார்க்கவில்லை. குனிந்து துண்டின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தான். ஒருவேளை அவனுக்கு அர்த்தம் தெரியுமோ? அவள் சொல்லியிருப்பாளோ? நர்ஸ் படிப்பு இங்கிலீஷ்தானே.

"சரியாப் புரியலீங்க," என்றான் ராஜவேலு.

"படிச்சவருக்கே புரியலியா?" என்றாள் குப்பம்மாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை. "அப்ப மாடாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம்."

கோபால்சாமி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "ராஜவேலு, வெளிச்சம் போவுது. கக்கத்துல கீற துணிய அந்த ஆளுகிட்ட குடுத்து அனுப்பிச்சுடு. ஊரு பாக்குது."

அப்போதுதான் புடவை இன்னும் தன்னிடம் இருப்பதை ராஜவேலு உணர்ந்தான். தாள் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. உரித்து எடுத்தான். துரைக்கண்ணு வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். ராஜவேலு அந்தக் கையைப் பார்த்தான். பிறகு புடவையைக் குப்பம்மாளிடம் நீட்டினான்.

"நீங்க போடுங்க."

"நானா? தம்பி, நான் யாரு..."

"போடுங்க."

பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. மாதம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வீரன் ஏதோ சொல்ல வந்து மைத்துனனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். குப்பம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூன்றாவது துணியை விரித்தாள். விரித்ததில் ஒரு ஓரம் மண்ணில் விழுந்தது. அதை ராஜவேலு எடுத்து மேலே விட்டான்.

பாடையின் நான்கு கொம்பிலும் கை வைத்தார்கள்.

"தூக்கலாமா?" என்றார் கோபால்சாமி.

ராஜவேலு துரைக்கண்ணுவைப் பார்த்தான்.

"இன்னொரு தடவ ஓடட்டும்."

துரைக்கண்ணு டேப்பைப் பின்னால் ஓட்டினான். கொம்பைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டு, துண்டு தோளிலேயே இருக்க, அப்படியே குந்தினார்கள்.