நீல முடிச்சுக் கிடுகு

ஒன்பது மணி வெயிலுக்கே திரளி மீனின் கண் வெளிறத் தொடங்கியிருந்தது. அருமைநாயகி வாளியில் கொண்டுவந்த கடல் தண்ணீரைச் சாக்கில் தெளித்து மீனை மூடினாள். சண்டையில் மின்சாரம் போய் இரண்டு வருசம். ஐஸ் என்ற சொல்லே கரையில் மறந்துபோயிருந்தது. பத்தரைக்குள் விற்காத மீன் பாதி விலைக்குப் போகும். பதினொன்றுக்குப் பூனைக்குப் போகும்.

மீன் சந்தைக்குக் கூரை போடுவதென்று பிரதேச சபை தீர்மானித்து ஒன்றரை வருசம். முதலில் தகரக் கூரை என்றார்கள். அரசின் பொருளாதாரத் தடையால் தகரம் வராது என்று தெரிந்ததும் தென்னோலைக் கிடுகுக் கூரை என்று இன்னொரு தீர்மானம். இரண்டும் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டு, மழையில் கரைந்து, திரும்பவும் தட்டச்சாகி ஒட்டப்பட்டன. தீர்மானம் எடுப்பதில் சபையை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

கிடுகுக்கு வழியில்லை என்று சபை கையை விரித்தபோது, மீன் விற்கும் எட்டுப் பெண்களும் தாங்களே பின்னித் தருவதாகச் சொன்னார்கள். ஆளுக்கு இருபத்தைந்து. சந்தை முடிந்து வந்து, ஊறப்போட்ட ஓலையோடு குந்தியிருந்து விரல் வெடிக்கப் பின்னினார்கள். முனை பிரியாமலிருக்க ஒவ்வொன்றிலும் பழைய வலையின் நீல நூலால் ஒரு முடிச்சுப் போடச் சொன்னவள் அருமைநாயகிதான். மாசி மாதம் வண்டிலில் ஏற்றிப்போய்ச் சபையின் கிளாக்கர் நமசிவாயத்திடம் ஒப்படைத்தார்கள். இப்போது ஆவணி.

"கத்தரீனா, இண்டைக்குப் போய்க் கேக்காமல் விடுறதில்லை" என்று எழும்பினாள் அருமைநாயகி.

பக்கத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தரீனா நிமிரவில்லை. "எழுதித் தாங்கோ எண்டு சொல்லுவினம் அக்கா."

"எழுதினது போதும். வாயாலை கேக்கிறன்."

மீனை வெயிலில் விட்டுப்போக மனமில்லாமல், ஓலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டே போனாள். சபை சந்தைக்கு அடுத்த வளவுதான். வாசல் படலைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

முற்றத்தில் ஒரு புதுக் கொட்டில். அதற்குள் உத்தியோகத்தர்களின் ஆறு சைக்கிள்கள் குளிர்ச்சியாக நின்றன. கொட்டிலின் கூரை விளிம்பு முழுக்க நீல முடிச்சுகள். மிஞ்சிய கிடுகு சபையின் வேலியாகியிருந்தது.

அவளுக்கு நெஞ்சு கொதித்தது. பிறகு, என்னவோ, சிரிப்பு வந்தது. நமசிவாயத்தின் சைக்கிளை உருட்டி வெயிலில் விட்டாள். அந்த இடத்தில் சாக்கை விரித்து, மீனைப் பரப்பி, சப்பாணி கட்டி உட்கார்ந்தாள்.

"திரளி! உயிர்த் திரளி!"

சபைக்கு வேலையாக வந்தவர்கள் சுற்றி நின்று விலை கேட்டார்கள். நமசிவாயம் பேனையும் கையுமாக ஓடிவந்தார்.

"அக்கா, என்ன வேலை பாக்கிறியள்? இது சபை வளவு!"

"ஓம் தம்பி. எங்கடை கிடுகு எங்கையோ, அங்கைதானே எங்கடை சந்தை."

"கிடுகு சும்மா கிடந்தாக் கறையான் தின்னும் எண்டு தற்காலிகமாப் போட்டது."

"கறையானுக்குப் பயந்தனீங்கள். எங்களுக்குப் பயப்பிடேல்லை."

நமசிவாயத்தின் காது சிவந்தது. "எழும்பேல்லையெண்டால், அடுத்த கூட்டத்திலை உங்களை எழுப்பத் தீர்மானம் எடுப்பம்!"

அருமைநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். "எடுங்கோ தம்பி, கட்டாயம் எடுங்கோ. உங்கடை தீர்மானம் எண்டால், என்ரை கடைசிப் பெட்டை கலியாணம் முடிக்குமட்டும் நான் இதிலை இருக்கலாம்."

சிரிப்புச் சத்தம் சந்தைவரை கேட்டது. கத்தரீனா முதலில் வந்தாள், பின்னால் மற்ற ஆறு பேரும் கடகங்களோடு வந்தார்கள். சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின.

கொட்டிலுக்குள் நாலு பேருக்குத்தான் இடம் இருந்தது. மற்ற நாலு பேரும் வெளியே, வெயிலில் சாக்கு விரித்தார்கள். நமசிவாயம் தன்னுடைய சைக்கிளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சபையின் விறாந்தையில், ஓட்டுக் கூரை நிழலில், பத்திரமாக நிறுத்தினார்.