கரை ஒதுங்கிய கை

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பாஞ்சாலை, "சீ, தூ" என்று துப்பிக்கொண்டே கத்தினாள். பின்பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் தட்சணாமூர்த்தி, வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஓடிவந்தான்.

"மாமா, எவனோ பொணத்துக் கைய என் பக்கத்துல போட்டுட்டுப் போயிருக்கான். மொதல்ல எடுத்துக் கடாசு."

அவள் காட்டியது அவளுடைய இடது கையை.

மரக்காணம் உப்பளத்தில் கூடையோடு நடந்துகொண்டிருந்தவள் போன மாதம் வரப்பிலேயே சரிந்து விழுந்தாள். மூளையின் வலது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. இடது காலுக்குக் கொஞ்சம் உயிர் திரும்பியது. கைக்குத் திரும்பவில்லை. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. முந்தின நாள்கூட, அவன் ஓட்டும் லோடு வேனுக்கு எஃப்.சி. காட்டியாச்சா என்று அவனிடம் கேட்டிருந்தாள்.

"உன் கைதாம்மே அது."

"என் கை எனக்குத் தெரியாதா? அனுமந்தைல கரை ஒதுங்குச்சே, அந்தப் பொணத்தோடது. பாரு, எப்படி ஊதிக் கெடக்குது."

அந்தப் பிணத்தை இருவரும்தான் பார்த்தார்கள். அனுமந்தைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், தண்ணீரில் வெளுத்து விரல்கள் தடித்துக் கிடந்த யாரோ ஒருவன். இப்போது அவளுடைய கையும் அசைவில்லாமல் அப்படித்தான் வீங்கியிருந்தது.

தட்சணாமூர்த்தி விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும் தடவிக் காட்டினான். "உன் தோளோடதானே ஒட்டிக்கினு இருக்குது?"

அவள் உற்றுப் பார்த்தாள். முகம் சுளித்தது. "எவனோ தெச்சு வெச்சிருக்கான். என் வளையல வேற அதுக்குப் போட்டு உட்டிருக்கீங்க."

அதன் பிறகு சோறு இறங்கவில்லை. கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் பிண நாற்றம் அடிக்கிறது என்று குமட்டினாள். வலது கையால் அந்த இடது கையைக் கட்டிலை விட்டுத் தள்ளினாள். ஒருமுறை அதோடு தானும் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டாள்.

நாற்றம் பொய்யும் இல்லை. விரல்கள் நாளாக நாளாக உள்ளே மடங்கி இறுகிவிட்டன. அவன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது உள்ளங்கையில் வியர்வையும் அழுக்கும் ஊறி வெள்ளையாகப் பிசுபிசுத்தன. புளித்த வீச்சம் மூக்கில் ஏறியது. நகம் பதிந்த இடத்தில் சதை நைந்திருந்தது. துணியை வீசிவிட்டு வாசலுக்கு வந்து நின்றான். கல்யாணமான நாளிலிருந்து பிடித்த கை. ஒரு நொடி, அவனுக்கும் அது யாருடையதோ போலத்தான் இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவனுக்குக் காறித் துப்பவேண்டும் போல வந்தது. உள்ளே போய் மூச்சை அடக்கிக்கொண்டு கழுவி முடித்தான்.

மறுநாளே அவளை வேனில் உட்காரவைத்துப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனான். அங்கே மூளை நரம்பு டாக்டர் ஷாலினி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"பைத்தியமாங்க?" என்றான் தட்சணாமூர்த்தி.

"இல்லைங்க. தோல், மூட்டு, கண்ணு, காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ், எல்லாத்துல இருந்தும் மூளைக்குச் சேதி போயிட்டே இருக்கும். அத்தனையும் ஒண்ணு சேர்த்துதான் மூளை, இது என் உடம்பு, இது நான்னு தெரிஞ்சுக்குது. இவங்களுக்குச் சேர்க்கிற எடத்துலயே அடி. கண்ணு கையைப் பாக்குது. ஆனா 'என்னுது'ங்கிற உணர்வு வரல. அப்போ அது வேற யாரோடதோதானே?"

காதை விளக்கு வைத்துச் சோதித்துவிட்டு, "காது வழியா அந்த எடத்தக் கொஞ்சம் உசுப்பிப் பாக்கலாம். கஷ்டமா இருக்கும்" என்றாள். பாஞ்சாலையின் இடது காதுக்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் ஐஸ் தண்ணீரைப் பீய்ச்சினாள். பாஞ்சாலையின் கண்மணிகள் ஒரு பக்கமாக இழுத்து இழுத்துத் துடித்தன. ஐயோ, எல்லாம் சுத்துது என்று அலறியவள், குடித்திருந்த டீயைத் தட்சணாமூர்த்தியின் சட்டையிலேயே வாந்தியெடுத்தாள்.

மயக்கம் அடங்கியதும் டாக்டர் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "இது யார் கை?"

"என் கை" என்றாள் பாஞ்சாலை, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

தட்சணாமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "ஏன் மாமா தூக்க வரல? செத்துப்போச்சா?" விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அழுதாள்.

திரும்பும்போது வேன் கீழ்ப்புத்துப்பட்டைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் அவள் முகம் மறுபடி கோணியது. "இத ஏன் என் மடியில வெச்ச? நாறுது."

அவன் டாக்டருக்குப் போன் போட்டான். "இன்னொரு வாட்டி ஊத்துங்க மேடம்."

"அது மருந்து இல்லைங்க, கொஞ்ச நேரம்தான் நிக்கும். தன்னால கொறையும். தெனமும் அவங்க வலது கையாலயே அதத் தொடவையுங்க. பாக்கச் சொல்லுங்க."

தொடவைப்பது லேசாக இல்லை. விரல் பட்டதும் மலத்தை மிதித்தவள் போல் உதறினாள். அவனைக் கெட்ட வார்த்தையால் திட்டினாள். அவனும் திட்டினான். ஆனாலும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவருவதை நிறுத்தவில்லை.

ஐப்பசி மழையில் உப்பளம் மூழ்கிக் கிடந்த ஒரு காலை, வேனைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். பாஞ்சாலை மக்குத் தண்ணீரை மடியருகே வைத்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பியபடி, மடங்கிய விரல்களைத் தானே பிரித்துச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன நாத்தம் நாறுது என் கை" என்றாள். "இத எப்படித்தான் தொட்டியோ."

"மூக்கப் புடிச்சிக்கினுதான்" என்றான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குமட்டலை விழுங்கிக்கொண்டு, அடுத்த விரலைப் பிரித்தாள்.