தேரையின் காலில் ஊதா நூல்

சிறுமலை அடிவாரத்து ஓடையில் அந்தத் தேரையைக் கண்ட நாளிலிருந்து ஜெரோம் கண்ணாடி முன் நிற்கும் நேரம் கூடிவிட்டது. கட்டைவிரல் நகத்தளவுத் தேரை. குமுளிப் பக்கத்து மழைக்காட்டுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. ஜெரோம் இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். அடுத்தவர்கள் கண்டுபிடித்ததையே கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையிலிருந்த ரப்பர் பூட்ஸை ஈரம் காயட்டும் என்று பாறையில் சாய்த்து வைத்துவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, தேரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதைத் தொடாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் எழுதிய கட்டுரையை ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. கடைசியாக ஒருமுறை சரிபார்த்து அனுப்பினால் அச்சேறிவிடும். அதற்குள் பங்குச் சாமியார் பூசை முடிவில் அறிவித்து, சபையே கைதட்டியிருந்தது. கல்லூரி வாசலில் பேனர் வைக்கவும் முடிவாகியிருந்தது.

நாகல் நகரில் பேனர் கடை வைத்திருப்பவன் மைத்துனன் அன்புமணி. மனைவி சகாயசெல்வியோடு ஜெரோம் அங்கே போனார்.

"மாமா, தேர பெருசா இருக்கணுமா, நீங்க பெருசா இருக்கணுமா?"

"அறிவியல்தான் முக்கியம்" என்றார் ஜெரோம். செத்த நேரம் கழித்து, "ரெண்டும் ஒரே அளவா வச்சிரு" என்றார்.

அன்புமணி தேரையைத் திரை முழுக்கப் பெரிதாக்கினான். "பின்னங்கால்ல என்னமோ சுத்தியிருக்கு மாமா. ஊதா கலரு."

ஜெரோம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். புது ஒட்டுண்ணி! இரண்டாவது கட்டுரைக்கான தலைப்பு மனதில் பாதி உருவாகிவிட்டது. தன் பெயரை எங்கே போடுவது என்பதில்தான் சிறு குழப்பம்.

சகாயசெல்வி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"இது கம்பளி நூலுல்ல? எனக்குச் சால்வ எதுக்குன்னு சொல்லிட்டு, கொடைக்கானல்ல உங்களுக்கு மட்டும் வாங்குனீகளே, அந்த ஊதா சாக்ஸு."

"எந்த சாக்ஸு?"

"இதப் பாத்ததுக்கு முந்துன நாளுதான குமுளி கேம்ப்ல இருந்து வந்தீக? பூட்ஸுக்குள்ள சாக்ஸ திணிச்சு, நனஞ்சது நனஞ்சபடி பையில கெடந்துச்சு. துவைக்கவான்னு கேட்டேன். ஆராய்ச்சிச் சாமான், யாரும் தொடக்கூடாதுன்னீக."

சொன்னது உண்மைதான். ஜெரோம் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஈரம், இருட்டு, கம்பளி மெத்தை. குமுளியிலிருந்து திண்டுக்கல் வரை பேருந்து. ஒரு நாள் சின்னாளப்பட்டி வீட்டில் தங்கல். பிறகு சிறுமலைக்கு ஸ்கூட்டர். தேரைக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. தானே கூட்டிவந்த விருந்தாளியைத்தான் தானே கண்டுபிடித்திருக்கிறார்.

"இதுக்குப் போயி ஏன் மாமா மூஞ்சியத் தொங்கப் போடுறீக? ஒரே தேய்ப்பு, நூலு போயிரும். கல்யாண பேனர்ல எம்புட்டு மாப்பிள்ளைக்கு மரு எடுத்திருக்கேன். ஒருத்தருக்கு மீசையே வச்சு விட்டேன்."

மவுஸின் அம்பு தேரையின் கால்மேல் வந்து நின்றது. ஜெரோம் உடனே தடுத்தார் என்று சொல்ல முடியாது. இதழ்க்காரர்கள் பார்த்தது சின்னப் படம். அதில் நூல் தெரியாது. யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வருகிற வருடமே ஒரு மாணவி தேர்வுத்தாளில் 'சிறுமலையிலும் காணப்படுகிறது' என்று எழுதுவாள். அதைச் சரி என்று போட்டு மதிப்பெண் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

"தொடாத" என்றார்.

"சாமியாரு பூசையில வேற சொல்லிட்டாரே" என்றாள் சகாயசெல்வி.

"கைதட்டுனவுகள, தட்டுனதத் திருப்பி வாங்கிக்கிரச் சொல்லுவோம்."

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்குக் கடிதம் எழுதினார். மூன்றே வரி. 'எனது காலுறை' என்று தட்டச்சு செய்யும்போது மட்டும் விரல் இரண்டு தடவை நின்றது.

கட்டுரை போயிற்று. தேரை மட்டும் ஓடையில் தன் இனத்தில் ஒருத்தரும் இல்லாமல் கிடந்தது. அடுத்தடுத்து நான்கு ஞாயிற்றுக்கிழமை ஜெரோம் தேடினார். ஒவ்வொரு முறையும் வாசலில் சகாயசெல்வி, "பூட்ஸ உதறிட்டுப் போடுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து தேளுக்காகச் சொல்லி வருகிறாள். இப்போதுதான் அவர் உதற ஆரம்பித்திருந்தார்.

நாலாவது ஞாயிறு அதே பாறைக்கு அடியில் அது கிடைத்தது. காலில் நூல் அப்படியே இருந்தது, சேறு படிந்து.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு குமுளிப் பேருந்தில் ஏறினார். காலில் செருப்பு. மடியில், ஈரப்பாசி போட்டு மூடியில் ஓட்டையிட்ட பிளாஸ்டிக் டப்பா.

"டப்பால என்ன சார்?" என்றார் நடத்துநர்.

"தேர."

"தேரைய எதுக்கு சார் குமுளிக்குக் கொண்டு போறீக?"

"போன தடவ அங்கருந்து டிக்கெட் எடுக்காமக் கூட்டியாந்துட்டேன்."

நடத்துநர் அவரையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே முன்னால் போனார்.