ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள்

எல்மர் ஐந்தரை மணிக்கு எழுந்தான். கட்டிலில் தான் படுத்திருந்த பாதியை மட்டும் தட்டி விரித்தான். மறு பாதி கலைந்திருக்கவில்லை. வாளித் தண்ணீரில் முகம் கழுவி, சவரம் செய்தான். நேற்றுச் சோற்றைப் பூண்டு போட்டு வதக்கினான். இரண்டு கருவாடு பொரித்தான். காபிக்கு வெந்நீர் வைத்துவிட்டு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். முதலில் காலர், பிறகு கை, பிறகு முதுகு. அடுப்பை அணைத்தான். கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழ், ஜப்பானிலிருந்து வந்த இறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, இரண்டு புகைப்படம். உறையில் போட்டு எண்ணிப் பார்த்தான். மறுபடியும் எண்ணினான்.

ஆறு மணிக்கு மாமியார் வந்தாள். அடுத்த தெருவில் தனியாக இருப்பவள். அவெலினா என்று பெயர். தெருவுக்கே நானாய் லினா. நானாய் என்றால் அம்மா. கணவன் ஹெனாரோவின் பெயரில் பாதியும் தன் பெயரில் பாதியும் சேர்த்து மகளுக்கு ஹெனாலின் என்று வைத்திருந்தாள். இப்போது கணவனும் இல்லை, மகளும் இல்லை. கறுப்பு உடையில் வந்து மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

"ரெண்டு கருவாடு. ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு பூனைக்கா?"

"எனக்குப் பசிக்கல, நானாய்."

"சாப்பிடாம போய் விசா ஆபீஸ் கண்ணாடி முன்னாடி மயங்கி விழு. விசாவுக்குப் பதிலா ஆம்புலன்ஸ் குடுத்து அனுப்புவாங்க."

சாப்பிட்டான். உப்பு அதிகமாக இருந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்க வர வேண்டாம். வரிசையில ரொம்ப நேரம் நிக்கணும்," என்றான்.

"ஒன்பது புதன்கிழமை கோயில்ல முட்டி போட்டவளுக்கு இது ஒரு நிக்கிறதா?"

அதற்குமேல் அவனால் தடுக்க முடியவில்லை. தடுக்க வேண்டிய காரணத்தைச் சொல்லவும் முடியாது.

காரணம் இதுதான். ஹெனாலின் இரண்டு வருடமாக ஜப்பானில், நகோயாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். பிப்ரவரியில் அவனுக்குக் குடும்ப விசாவுக்கான காகிதங்களை வாங்கி அனுப்பினாள். மூன்று மாதத்துக்குள் இங்கே செபுவில் கொடுக்க வேண்டும். அவன் அதை மேசை இழுப்பறையில் வைத்தான். நில அளவைப் பொறியாளர் தேர்வு எழுதித் தேறியவன். அங்கே போனால் பாத்திரம் கழுவுகிற வேலைதான் கிடைக்கும் என்று அவளே சொல்லியிருந்தாள், சிரித்துக்கொண்டே. காகிதம் தாமதமானால் அவளுக்கு அலுத்துப்போய் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தான். கொடுத்துவிட்டேன் என்று சொன்னான்.

முதலில் எட்டு வாரம் ஆகுமாம் என்றான். அப்புறம் பன்னிரண்டு வாரம். அப்புறம், இந்த வருடம் கூட்டம் அதிகமாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கேட்பாள். அவன் "பரிசீலனையில இருக்கு" என்பான். விண்ணப்ப எண் என்ன என்று ஒருநாள் கேட்டாள். எதிரே சுவரில் ஒட்டியிருந்த குடிநீர் இணைப்பு எண்ணைப் படித்துச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டு அம்மாவுக்கும் அனுப்பினாள். நானாய் லினா அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, புதன்கிழமை ஜெபத்துக்குப் போகும்போதெல்லாம் மன்றாட்டுப் பெட்டியில் போட்டாள்.

ஹெனாலின் பதினேழு நாளைக்கு முன்னால் இறந்தாள். பணிக்கு நடுவே, ஒரு கிழவருக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போது மூளையில் நரம்பு வெடித்தது. அங்கேயே தகனம் செய்துவிட்டார்கள். அஸ்தி முதியோர் இல்ல அலுவலகத்தில் இருக்கிறது. கணவன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்களாம். நாற்பதாம் நாளுக்குள் அது வீட்டுக்கு வர வேண்டும். அன்றுதான் ஆத்மா புறப்படுகிறது என்பதில் நானாய் லினாவுக்குச் சந்தேகமே இல்லை. புறப்படும்போது பக்கத்தில் வீட்டு மனுஷர் யாராவது இருக்க வேண்டாமா என்று கேட்டாள். அவன் விசா எடுக்கிறேன் என்றான். இந்த முறை பொய் இல்லை.

ஜீப்னி என்கிற, பக்கம் திறந்த சிறு பேருந்தில் போனார்கள். மழை பெய்தது. பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டார்கள், உள்ளே புழுங்கியது. நானாய் லினா மடியில் காய்ந்த மாம்பழப் பாக்கெட் ஒன்று வைத்திருந்தாள். அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண்ணுக்கு.

"அதெல்லாம் வாங்க மாட்டாங்க, நானாய்."

"மாம்பழத்தை வேணாங்கிறவ இந்த ஊர்ல பொறந்திருக்கவே மாட்டா."

விசா விண்ணப்ப மையம் பேரங்காடியின் மூன்றாம் மாடியில் இருந்தது. இங்கே வாங்கித் துணைத் தூதரகத்துக்கு அனுப்புவார்கள். அவனுடைய வரிசை எண் நாற்பத்தாறு. பெஞ்சில் கப்பல்காரர்கள், கல்யாணமாகிப் போகிற பெண்கள், கையில் உறையோடு எல்லாரும். நானாய் லினா பக்கத்தில் இருந்த தடித்த பெண்மணியிடம் அறிமுகமாகிவிட்டாள்.

"மருமகன். என் பொண்ணு அங்க தவறிட்டா. அஸ்தி எடுக்கப் போறான்."

"அய்யோ, கடவுளே!"

"உயிரோட இருக்கும்போதே போயிருக்க வேண்டியவன். அஞ்சு மாசம் இவங்க அந்தப் பேப்பர் மேல உக்காந்துக்கிட்டாங்க. ஒரு கோழி உக்காந்தாக்கூட இருபத்தோரு நாள்ல குஞ்சாவது வந்திருக்கும்!"

பெஞ்சில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எல்மர் தரையைப் பார்த்தான். ஓடுகள் சாம்பல் நிறம், ஒன்று விட்டு ஒன்று.

"அஞ்சு மாசமா?" என்றாள் அந்தப் பெண்மணி. "போன வருஷம் நான் என் மக பிரசவத்துக்குப் போனேன். ஆறு நாள்ல கைக்கு வந்துடுச்சே?"

"உங்களுக்கு உள்ள யாரையாவது தெரிஞ்சிருக்கும்."

"எனக்கு யாரைத் தெரியும்? நான் மீன் விக்கிறவ."

நானாய் லினா மாம்பழப் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

நாற்பத்தாறு. அவன் எழுந்தான். "நீங்க உக்காருங்க நானாய், நான் குடுத்துட்டு வந்துடறேன்." அவள் அவனுக்கு முன்னால் நடந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இறப்புச் சான்றிதழில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"வருத்தமா இருக்கு, சார்." பிறகு படிவத்தை எடுத்தாள். "பதினெட்டாவது கேள்விய விட்டுட்டீங்க. இதுக்கு முன்னாடி ஜப்பான் விசாவுக்கு அப்ளை பண்ணியிருக்கீங்களா?"

அவன் அதை வேண்டுமென்றே விட்டிருந்தான். ஆம் என்று போட்டால் பொய்; கண்டுபிடித்தால் விசா இல்லை, அஸ்தி இல்லை. இல்லை என்று போட்டால் பக்கத்தில் நிற்கிறவள் படிப்பாள். வீட்டில் பேனாவை எடுத்து மூன்று முறை மூடியிருந்தான்.

"பண்ணியிருக்கான்," என்றாள் நானாய் லினா. "பிப்ரவரியில. நம்பர் கூட என்கிட்ட இருக்கும்மா." கைப்பையிலிருந்து மடிப்பு விட்டுப் பிரிந்துபோன சீட்டை எடுத்து, கண்ணாடி ஓட்டை வழியாகத் தள்ளினாள். "இது எங்க போச்சுன்னு பாத்துச் சொல்லு. யாரையும் திட்ட வரல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். இந்தா, இது உனக்கு, மாம்பழம்."

அந்தப் பெண் பாக்கெட்டை மெல்லத் திருப்பித் தள்ளினாள். எண்ணைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

"இது எங்க நம்பர் மாதிரி இல்லையே, நானாய். எங்களுது எழுத்துல ஆரம்பிக்கும். சார் பேர்லயும் பாத்துட்டேன். ஒண்ணும் இல்லை." அவனைப் பார்த்தாள். "சார்? நீங்கதான் சொல்லணும். அப்ளை பண்ணியிருக்கீங்களா, இல்லையா?"

பின்னால் நாற்பத்தேழு என்று ஒலிபெருக்கி அழைத்தது.

"இல்லை," என்றான் எல்மர்.

"இல்லைன்னு டிக் பண்ணிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டான். அவள் முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தாள்.

"அஞ்சுலேருந்து ஏழு வேலை நாள். சில சமயம் கூட ஆகும், அதனால டிக்கெட்ட இப்பவே எடுத்துடாதீங்க. காரணம் இதுங்கிறதால அவசரம்னு குறிச்சு அனுப்பறேன். வந்ததும் மெசேஜ் வரும்."

"நன்றி," என்றான்.

நானாய் லினா தன் சீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்தான் அதை நீட்டினாள். எல்மர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான்.

நகரும் படிக்கட்டில் அவள் முன்னால் நின்றாள், அவன் இரண்டு படி மேலே. அவள் தலையில் வகிடு எடுத்த இடத்தில் முடி நரைத்துக் கொட்டியிருந்தது. தரைத்தளத்தில் வெளிவாசலுக்குப் பக்கத்தில், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் ஒரு பெஞ்ச் காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். அவன் நின்றான்.

"ஏழு நாள்," என்றாள்.

அவன் கை சட்டைப்பையில் இருந்த சீட்டுக்குப் போனது.

"ஏழு நாள்ல வர்ற ஒண்ணுக்கு நான் ஒன்பது புதன்கிழமை முட்டி போட்டேன். அந்தச் சீட்டு என்னடா நம்பர்?"

"தண்ணிக் குழாயோடது."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, நின்றுபோயிற்று. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள்.

"கோயில் பெட்டியில தண்ணிக் குழாய் நம்பர். கர்த்தர் என்ன நெனச்சிருப்பாரு. இந்தக் கிழவிக்குத் தண்ணி வரலன்னு நெனச்சிருப்பாரு."

"நானாய்..."

"பேசாதே. அந்தப் பேப்பர் எங்க இருக்கு?"

"இழுப்பறையில."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

வாசலில் ஒரு காவலாள் ஒவ்வொருவர் குடையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்மரும் பார்த்தான். அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.

"போய் கூட்டிட்டு வா," என்றாள். "உன்னை என்ன செய்யணும்னு அப்புறம் பாக்கறேன். இப்ப அவ வரணும்."

"சரி."

"துக்கம் விசாரிக்க வந்தவங்ககிட்டல்லாம் சொன்னியே. கடைசியா போன்ல பேசறப்ப 'அம்மாவைப் பாத்துக்கோ'ன்னு சொன்னாள்னு. அதாச்சும் நெஜமா?"

மழைச் சத்தத்தில் அவன் பதில் கேட்கவில்லை. அவள் காதை அருகில் கொண்டுவந்தாள்.

"இல்லை," என்றான் மறுபடியும். "உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னேன்."

"எனக்கு ஆறுதல் வேணாம். என்ன சொன்னாளோ அதைச் சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு."

எல்மர் ரசீதை மடித்தான். பிரித்தான். கடைசியாகப் பேசிய அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் சீருடையில் இருந்தாள். பணிக்குப் போக ஐந்து நிமிடம் இருந்தது. விசா என்ன ஆயிற்று என்று கேட்டாள். இன்னும் பரிசீலனையில இருக்கு, நாளைக்கு நேர்ல போய்ச் சத்தம் போடறேன் என்று அவன் சொன்னான். அவள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, கேமராவைப் பார்க்காமல் பதில் சொன்னாள். அதை அவன் அவளுடைய அம்மாவுக்குச் சொன்னான், வார்த்தை மாற்றாமல்:

"வேணாம், எல்மர், அவங்களைப் போய் நச்சரிக்காதே. கோவத்துல ஃபைலை அடியில போட்டுடுவாங்க. மெதுவாவே பாக்கட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்?"